அப்பாவுக்கு ஒரு வாய்

1

இந்தக் கதை ஓர் உணவு விடுதியில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து மேசையில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, தன் தட்டிலிருந்த சோற்றை உருட்டி உருட்டி அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: அவள் வாய்க்குள் ஒன்றுமே போகவில்லை.

2

'அந்த வீட்டில் அன்புக்குப் பஞ்சமில்லை' என்று தொடங்கினேன். விளம்பரம் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். அப்பாவை லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலைக்கு வைத்தேன். மகள் மெலிகிறாள், அப்பா எடை போடுகிறார். எனக்கே கூச்சமாகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினேன்.

(அதில் ஒரு வசதி. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் அவர் குனிந்து நுழைய வேண்டும். இப்போதெல்லாம் தொப்பை இடிக்கிறது.)

"வீட்டுச் சாப்பாடு நல்லா வேலை செய்யுதுண்ணே" என்றான் கூட வேலை பார்ப்பவன்.

"எம் பொண்ணு ஊட்டி விடுறா. நீ வயித்தெரிச்சல் படாத."

தினமும் அதே கூத்துதான். "அப்பா, ஆ காட்டுங்க" என்பாள். அவரும் குழந்தை மாதிரி காட்டுவார். "இவளுக்கு அப்பான்னா உசுரு" என்று அம்மா பூரித்துப் போவாள். மகளுக்குத் தொளதொளத்துப்போன பள்ளிச் சீருடையை அம்மாவே பிடித்துத் தைத்தும் கொடுத்தாள்.

3

அந்தப் பெண்தான் எனக்குப் பிடிபடவில்லை. 'அவள் கண்ணாடி முன் நின்று' (வேண்டாம், எல்லோரும் எழுதியாயிற்று). 'அவள் ஒரு கவளத்தை வாயில் வைத்து, மென்று' என்பது வரை வருகிறது. 'விழுங்கினாள்' மட்டும் வர மாட்டேன் என்கிறது.

வேறு வழியில்லாமல் பள்ளி மாடிப்படியில் அவளை மயங்கி விழ வைத்தேன். மனசு கேட்கவில்லை. செய்தி கேட்டு ஓடி வந்த அப்பா அவளைத் தூக்கியதும் பயந்துபோனார். கைகள் கனத்துக்குத் தயாராக இருந்தன, கனம்தான் இல்லை.

"வீட்ல ஒழுங்கா சாப்பிடுறாளா?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்க கண்ணு முன்னாடிதான் சாப்பிடுறா டாக்டர். எனக்கே ஊட்டி..."

(இந்தப் பாதி வாக்கியம் நான் கைவிட்டது அல்ல. அவரால் முடிக்க முடியவில்லை.)

4

அவள் குணமாகிச் சிரிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். பச்சைப் பொய். அவள் பிழைக்காததாக இன்னொன்று. அது நடக்கக்கூடியது என்பதால் கிழித்துப் போட்டேன்.

மிஞ்சியது இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், அதே மேசை. அம்மா கரண்டியை வைத்துவிட்டு இருவரையும் பார்க்கிறாள். மகள் ஒரு கவளத்தை உருட்டுகிறாள்.

"அப்பா, ஆ காட்டுங்க."

"அப்பாவுக்குப் போதும்மா. நீ சாப்பிடு."

"எம்மேல கோவமாப்பா?"

அவர் வாயைத் திறந்தால் அவள் இன்றும் பட்டினி. திறக்காவிட்டால் நாளை அவள் இந்த மேசைக்கே வர மாட்டாள். இரண்டும் அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அதனால்தான் பேனாவை மூடிவிட்டேன்.

அவள் கை நீட்டியபடியே இருக்கிறது. இப்போது பக்கத்து மேசையில் இருப்பவர் நீங்கள். என்ன செய்யப்போகிறீர்களோ தெரியாது, சிரிக்க மட்டும் சிரிக்காதீர்கள்.