ஆளுக்கு ஒன்று

"விடுமுறையில் எனக்கு மிகவும் பிடித்த நாள், பள்ளி திறந்த நாள்" என்று மகள் கட்டுரை எழுதி வைத்திருந்தாள். ஆசிரியை அதற்கு ஒரு டிக் வேறு போட்டிருந்தார். பழைய நோட்டுகளை அடுக்க உட்கார்ந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவள் அவள். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வீட்டு விடுமுறைக்கும் அதே கைதான். ஆறு பத்துக்குப் பல் துலக்கல், ஒன்பதுக்கு மிருகக்காட்சிசாலை, பதினொன்றரைக்குப் பொருட்காட்சி, சாயங்காலம் சித்தி வீடு. போன வருஷம் "சீக்கிரம் பாரு, சீக்கிரம் பாரு" என்று அவள் போட்ட சத்தத்தில் ஒட்டகச்சிவிங்கியே பயந்து நகர்ந்துவிட்டதாம். கணவன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடி ஓடிச் செய்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீரா? மகளுக்குப் பத்து வயது. இன்னும் எத்தனை விடுமுறைக்கு இவள் நம் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள்?

இந்த விடுமுறைக்கு முதல் நாள் பிள்ளைகள் இருவரையும் எதிரே உட்கார வைத்தாள்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. அது மட்டும்தான் செய்யப்போறோம்."

சின்னவன் யோசிக்கவே இல்லை. "கூடத்துல போர்வையால வீடு கட்டணும். யாரும் பிரிக்கக் கூடாது."

மகள் அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நீ டைம் போடுற பஸ்ல ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போகணும்."

"அங்க ஒண்ணுமே இல்லடி."

"அதத்தான் பார்க்கணும்."

மறுநாளே நாத்தனார் போனில் வந்தாள். "அஞ்சு நாள்ல ஏழு இடம் அண்ணி! வேன் சொல்லியாச்சு, உங்க நாலு பேரையும் சேர்த்துட்டேன்." ஏழு இடத்துக்கும் கிளம்பும் நேரம் மனதுக்குள் தானாக ஓடத் தொடங்கியது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நாங்க வரலம்மா."

"ஏன் அண்ணி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். இங்க கூடத்துல வீடு கட்டுற வேலை கிடக்கு."

மூன்று நாள் கணவன் காபி டம்ளரோடு போர்வைக்கு அடியில் தவழ்ந்துதான் நாற்காலிக்குப் போனான். நான்காம் நாள் கடைசி நிறுத்தத்தில் இறங்கினார்கள். உண்மையாகவே ஒன்றுமில்லை. யாரோ போட்டுவிட்டுப் போன பெரிய சிமென்ட் குழாய்கள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. பிள்ளைகள் உள்ளே புகுந்து கத்தினார்கள், எதிரொலி வந்தது. சற்று நேரத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் புகுந்தாள்.

வெளியே ஹாரன் கேட்டது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "மேடம், ஏறலையா? ஒரு நிமிஷம் தாமதமானாலும் நீங்களே மெமோ கொடுப்பீங்க!"

"நீங்க கிளம்புங்க!" என்றாள், குழாய்க்குள்ளிருந்து.

மகள் முழங்கால் மண்ணோடு திரும்பினாள். "அடுத்த பஸ் எப்பம்மா?"

"யாருக்குடி தெரியும்?"

மகள் ஒரு கணம் அவளையே வெறித்துப் பார்த்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு குழாயின் அந்த முனைக்குப் போய் இரட்டிப்பாகித் திரும்பி வந்தபோது, வெளியே சாலையில் காலி பேருந்து சரியாகப் பதினொன்று இருபதுக்குப் போய்க்கொண்டிருந்தது.