இருக்கையினின்று எழுந்த மருத்துவர்

மேலைக் கடலினின்று எழுந்த கார்முகில்கள் இரவெல்லாம் பொழிந்து ஓய்ந்திருக்க, பம்பாயின் மாகிம் கழிமுகத்துச் சேற்றுநீரில் புலர்காலைச் செவ்வொளி மெல்லப் பரவ, தாராவியின் தகரக் கூரைகள் நீர் சொட்டி நிற்க, தோல் பதனிடும் கொட்டில்களின் நெடியும் குயவர் சூளைகளின் புகையும் மாட்டுங்காப் பூக்கடைகளின் மணமும் ஒரே காற்றில் கலந்து செம்பூரை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளை அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் ஆண்டின் அந்த விடியலில், நுண்ணறிவுடைய வாசகரே, குறுகிய சந்தொன்றிலிருந்து படைச் சீருடை அணிந்த பெண்ணொருத்தி சேறு மிதித்து வெளிவந்தாள்.

செண்பகவல்லி என்பது அவள் பெயர். நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, தோல் தேய்த்துத் தேய்த்துக் கை வெடித்து மாண்ட ஆறுமுகநயினாரின் ஒரே மகள். மருத்துவம் கற்றுப் படையிற் சேர்ந்து, இமயப் பனிமுகட்டுப் போரில், காற்றே அருகிய உயரத்தில், மூச்சுத் திணறிய வீரர் பலரைப் பிழைக்க வைத்தவள். உயரம் ஏற ஏற மனித உடல் எங்கே தளர்கிறது, ஏன் தளர்கிறது என்னும் வினா அங்கே அவளைப் பற்றியது. பின்னர் விடவே இல்லை. அயல்நாடொன்று தன் விண்கலத்தில் ஏற்றுதற்கு மருத்துவர் ஒருவரை நம் படையிலிருந்து கேட்டபோது, பெயர் கொடுத்த ஒரே பெண் அவள்தான்.

அன்று இறுதித் தேர்வு. படை மருத்துவமனையில், காற்றழுத்தத்தைக் குறைத்து மலையினும் உயர்ந்த வானத்தைத் தரையிலேயே படைத்துக் காட்டும் இரும்பறைக்குள் அவளும் ஜகந்நாதன் என்னும் இளம் மருத்துவரும் அமர்த்தப்பட்டனர். உயிர்வளிக் குழாய் பொருத்திய முகமூடியுடன் கணக்குகளைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். இருக்கையை விட்டு எழுந்தவர் நீக்கப்படுவர். இதுவே விதி.

அறையின் காற்று மெலிந்தது. செண்பகவல்லி தற்செயலாகத் தலை நிமிர்ந்தபோது, சாளரத்துக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்த ஜகந்நாதன் கணக்கை விட்டுக் குழந்தைபோல் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் குழாய் கழன்று கிடந்தது. விரல் நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. பனிமுகட்டில் இப்படிச் சிரித்தபடியே இறந்தவர்களை அவள் அறிவாள். அவள் குழாயோ அவன் இருக்கைவரை எட்டாது. அதைக் கழற்றி எறிந்து, தள்ளாடி எழுந்து, அவன் குழாயைப் பொருத்திப் பிடித்தபடி, அறையைத் தரையின் காற்றழுத்தத்துக்குக் கீழிறக்குமாறு, வெளியே நின்று காண்போரை நோக்கிச் சாளரத்தைக் கையால் அறைந்தாள்.

ஜகந்நாதன் பிழைத்தான். ஆயினும் தேர்வுக் குழுத் தலைவரான சந்திரமௌலி, மாட்டுங்காவில் பலரும் மதிக்கும் படை மருத்துவர், அவளை அழைத்து, "நற்செயல்தான், அம்மா. ஆனால் விதி விதியே. பெண்ணுள்ளம் இரக்கத்தில் நிலைகுலையும் என்று நான் முன்னரே ஐயுற்றேன். தரையிலிருந்து பிறரைச் சோதிக்கும் பணி தருகிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றார்.

"ஏற்க மாட்டேன், ஐயா" என்றாள் செண்பகவல்லி. "நிலைகுலைந்திருந்தால் குழாயைப் பொருத்தியிருக்க முடியாது. என் உடல் தாங்காதென்று ஐயமிருந்தால் இப்போதே மீண்டும் அறையை ஏற்றுங்கள். பெண் என்பதால் விலக்குகிறீர்கள் என்றால், அதையே இவர் முன்னிலையில் சொல்லுங்கள்."

அவள் சுட்டியது, குழுவில் அமர்ந்திருந்த, கலம் அனுப்பும் அந்த அயல்நாட்டின் மருத்துவரை. அவர் நிமிர்ந்து, "மீண்டும் ஏற்றினால், மீண்டும் அதே இடர் நேர்ந்தால்?" என்று வினவினார்.

"மீண்டும் எழுவேன். எழாத மருத்துவர்தான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்."

அறை மீண்டும் ஏற்றப்பட்டது. தளர்ச்சி தீராத உடலோடு அமர்ந்து, எல்லாக் கணக்கையும் பிழையின்றி முடித்து அவள் வெளிவந்தபோது, சந்திரமௌலி அவள் விடைத்தாளை வாங்கி அயல்நாட்டு மருத்துவர் முன் வைத்தார். அயல்நாட்டார் அவள் பெயரையே தேர்ந்தார்.

செய்தி தாராவியை எட்டியபோது, தண்ணீர்க் குழாயடியில் அண்டை வீட்டாள் ஒருத்தி, "பொம்பளப் பிள்ளைய ஆகாசத்துக்கு அனுப்புதியே, பூமாரி, ஒனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

குடத்தை இடுப்பில் ஏற்றிய தாய் பூமாரி, "பயமாத்தாம்ளா இருக்கு. அதுக்காவப் போவாதன்னு சொல்லவா? ஆகாசத்த யாரும் பட்டா போட்டு வச்சிருக்காவளா?" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இரண்டாண்டுக் கடும்பயிற்சிக்குப் பின், அயல்மண்ணில் செண்பகவல்லி விண்வெளி வீரர் என்னும் தகுதி பெற்றாள். கலமேறும் முறை தனக்கு வரும் நாளை நோக்கிக் காத்திருந்தாள். அந்நாள் விரைந்து வருமோ, நெடிது தாழ்க்குமோ, அவளும் அறியாள். விண்ணேறுவோர் அனைவரும் ஒருநாள் மண்ணுக்குத் திரும்புவர். அவர் தொட்ட உயரமும் பிறரால் கடக்கப்படும். ஆனால் தன் கனவைக் கைவிட நேருமென்று அறிந்தே பிறர் உயிர்க்காக எழுந்து, எழுந்த பின்னும் அக்கனவை விட்டுக்கொடாது நின்ற நெஞ்சின் உயரத்தை அளக்க, எந்த நாடும் இன்னும் கருவி செய்யவில்லை.