மூத்தவர் கரண்டி எடுக்கும்வரை

ஜெனிஸ்ரா சமைத்து மேசை நிறையப் பரப்பியும் ஆயிற்று. சாப்பிட வந்த மூன்று கொரியாக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள்.

ஓலைத்தொடுவாயில் இறங்குதுறை கட்ட வந்தவர்கள் அவர்கள். அவர்கள் தங்கும் விடுதிக்குச் சமையலாள் தேவைப்பட்டது. "ஒருநேரச் சாப்பாடு உங்கடை வீட்டில செய்து காட்டுங்கோ அக்கா, அவையின்ரை பெரியவருக்குப் பிடிச்சால் வேலை உங்களுக்குத்தான்" என்று அவர்களுக்கு மொழிபெயர்க்கிற நிலக்சன் சாமான்களையும் செய்முறைத் தாளையும் தந்திருந்தான். இந்தியாவில் மண்டபம் அகதிமுகாமில் பதினெட்டு வருசம் கிடந்துவிட்டு ஊர் திரும்பி ஒரு வருசம்கூட ஆகவில்லை. கணவன் லோறன்சுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. "இதுவும் சரிவராட்டி பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு திரும்ப முகாமுக்கே போவம்" என்று காலையில்தான் அடித்துச் சொன்னான். சொன்னால் செய்கிற ஆள் அவன்.

அவள் என்ன குறை வைத்தாள்? நாலு நாளைக்கு முன்னரே கோவா இலைகளை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூளும் உள்ளியும் இஞ்சியும் மீன்சாறும் பிசைந்து கிம்சி போட்டாள். அது புளித்துப் பொங்கியதும் பழுதாய்ப் போச்சென்று கொட்டப் போனவளை, "ஐயோ அக்கா, அதுதான் பதம்" என்று நிலக்சன் போனில் தடுத்தான். மாட்டிறைச்சியை மெல்லிசாய் வெட்டி, சோயா சோசிலும் சீனியிலும் ஊறவைத்து வாட்டிய புல்கோகி. கரட், கீரை, பயற்றமுளை எல்லாம் தனித்தனியே வதக்கிச் சோற்றின்மேல் அடுக்கி, நடுவில் முட்டை வைத்த பிபிம்பாப். சிவப்பு மிளகாய்க் களி விட்டுக் குழைத்துத்தான் தின்பார்களாம். பெரியவருக்கு இன்றைக்குப் பிறந்தநாள் என்பதால் கடற்பாசி சூப்பும் வைத்தாள். அதைக் குடிக்காவிட்டால் பிறந்தநாளாகவே கணக்கில் எடுக்கமாட்டார்களாம்.

சூப்பின் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ" என்று கையைக் காட்டினாள். சிரித்துத் தலை குனிந்தார்கள். கரண்டியை ஒருவரும் தொடவில்லை. மரியாதைக்காகப் பக்கத்தில் இருத்திய மாமனார் சந்தியோகுவும், விருந்தாளி கைவைக்க முதல் வீட்டுக்காரன் கைவைப்பதா என்று இறுகிப்போய் இருந்தார். மடு மாதாவே, மோந்து பார்த்தே வேண்டாமென்று முடிவெடுத்துவிட்டார்களா?

வெளியே போன் கதைக்கப் போன நிலக்சன் உள்ளே வந்து, மேசையைப் பார்த்துத் தலையில் கைவைத்தான்.

"என்னக்கா இது! அவையின்ரை முறையில மூத்த ஆள்தான் முதல் கரண்டி எடுக்கவேணும். உங்கடை மாமாதானே இதில மூத்தவர்? அவர் துவங்காமல் இவை விடியுமட்டும் இப்பிடித்தான் இருப்பினம். பிறந்தநாள் சூப்பில துவங்கச் சொல்லுங்கோ."

அட கடவுளே! அவர்கள் இவருக்காக, இவர் அவர்களுக்காக. ஜெனிஸ்ரா மாமனாரின் காதோரம் குனிந்து விசயத்தைச் சொன்னாள்.

கிழவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "சாதாழைப் பாசியோ? அறுபது வருசமா வலையில இருந்து பிச்சு எறிஞ்ச சனியனை என்னைத் தின்னச் சொல்லுறியோ?"

"கெஞ்சிக் கேக்கிறன் மாமா. இந்த வேலை தவறினால் திரும்ப முகாமுக்கு வெளிக்கிடுவம் எண்டு உங்கடை மகன் ஒற்றைக்காலில நிக்கிறார்."

அவருக்கு இது புதுச் செய்தி. வாசலில் நின்ற மகனைப் பார்த்தார். லோறன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர்கள் முகாமில் கிடந்த பதினெட்டு வருசமும் ஊரில் தனியாய்ச் சமைத்துத் தனியாய்த் தின்ற மனிதர் அவர். கண்ணை இறுக மூடிக்கொண்டு கோப்பையைத் தூக்கி மடக்கு மடக்கென்று குடித்தார்.

மூன்று கரண்டிகளும் ஒன்றாய் எழும்பின. பெரியவர் சூப்பைச் சுவைத்தார், கிம்சியைக் கடித்தார். பிறகு கிழவரின் வெறுங்கோப்பையைக் கண்டு, எழுந்து, தன் கையாலேயே சூப்பை நிறைய வார்த்து இரண்டு கையாலும் நீட்டினார். கிழவர் அதையும் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

பெரியவர் சிரித்தபடி ஏதோ சொன்னார்.

"அக்கா, நாளைக்குக் காலமை வேலைக்கு வரட்டாம்" என்றான் நிலக்சன்.

சந்தியோகு வாயைத் துடைத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார். "கேட்டியோ லோறன்ஸ்? அவள் வேலைக்குப் போறாள். இனி நீ ஒரு இடமும் போகேலாது."

சொல்லிவிட்டு, பக்கத்துக் கதிரையை அவனுக்கு இழுத்துப் போட்டார்.