நான் போட்ட சாலையை நானே தோண்டினேன்

அந்த நாற்பது கிலோமீட்டர் சாலையைப் போட்டவன் நான்தான். இருபத்தாறு வயதில், மரக் கம்பெனி ஒன்றுக்காகப் பொக்லைன் ஓட்டி, ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காட்டை நேர்கோடாகக் கிழித்தேன். மரம் தீர்ந்ததும் கம்பெனி கிளம்பிவிட்டது. சாலை எங்களுக்கு மிஞ்சியது. கனடாவின் க்ரீ பழங்குடி ஊர்க்காரர்கள் நாங்கள் அதன் ஓரமாக வேட்டைக் குடில்கள் கட்டினோம். பிக்கப்பில் போய் மூஸ் மானைச் சுட்டு, பிக்கப்பிலேயே ஏற்றி வந்தோம். சாண்டி போட்ட ரோடு என்று ஊரில் எனக்கு ஒரு மரியாதையும் இருந்தது.

அந்த வேட்டை நிலத்துக்குப் பொறுப்பு என் பெரியப்பா மகள் ஹாரியட் அக்கா. எதைச் சுடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். ஒரு மார்ச் மாத ஊர்க் கூட்டத்தில் அவள் எழுந்து, சாலையை மூட வேண்டும் என்றாள். காரிபு மான் பன்னிரண்டுதான் மிச்சம், மூன்று வருஷமாக ஒரு குட்டிகூடப் பிழைக்கவில்லை என்றாள். முப்பத்தோராம் கிலோமீட்டரில் குடில் வைத்திருந்த என் நண்பன் ரெஜி, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினான். நானும் சும்மா இருக்கவில்லை.

“அக்கா, ரோட்டை மூடிட்டா மூஸை யாரு முதுகுல தூக்கிட்டு வர்றது? நீயா?”

சிரிப்பு அடங்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். “நமக்காக ரோடு போட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கடா நீ. அதுல தெனமும் யாரு போறாங்கன்னு காட்டுறேன். காலைல வா.”

மறுநாள் இருவரும் பனிவண்டியில் போனோம். புதுப்பனிமேல் ஓநாய்த் தடம். ஒன்றின் கால்தடத்திலேயே மற்றொன்று மிதித்து நடந்ததால் ஒரே ஓநாய் போலத் தெரிந்தது; திரும்பும் இடத்தில் பிரிந்த தடங்களை எண்ணினால் ஆறு. காட்டுக்குள்ளே பனியில் வயிறுவரை புதையும் ஓநாய், எங்கள் வண்டிகள் அழுத்தி இறுக்கிய சாலையில் ஓட்டமாக ஓடியிருந்தது. இருபத்தெட்டாம் கிலோமீட்டரில் தடம் மரங்களுக்குள் திரும்பியது. அங்கே ஒரு பெண் காரிபு கிழிந்து கிடந்தது. அக்கா குனிந்து கையுறையால் பனியைத் துடைத்தாள். வயிற்றில் குட்டி இருந்திருக்கிறது.

“மரம் வெட்டின எடத்துல தளிர் வந்துச்சு. தளிருக்கு மூஸ் வந்துச்சு, மூஸுக்கு ஓநாய் வந்துச்சு. ஓநாய் மேல தப்பில்ல சாண்டி. அதுக்கு வழி போட்டுக் கொடுத்தது நாம.”

திரும்பினோம். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, எந்த முனையிலிருந்து தோண்டுவது என்று மட்டும் கேட்டேன்.

முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் ஊருக்கு இருக்கட்டும் என்று அக்கா விட்டுக்கொடுத்தாள். ரெஜி அதற்கும் மசியவில்லை. என்னோடு பேச்சை நிறுத்தினான். குளிர்காலம் வந்து சாலையோரச் சதுப்பு நிலம் உறைந்ததும் கடைசி முனையில் தொடங்கினேன். குழி வெட்டி, பக்கத்திலேயே மண்மேடு குவித்து, ஓரத்து மரங்களைக் குறுக்கே சாய்த்தபடி பின்வாங்கிப் பின்வாங்கி வந்தேன். என் கண்ணெதிரே சாலை அழிந்துகொண்டே போனது. கோடையில் ஊர்ப் பெண்கள் வந்து அந்த மேடுகளில் ஸ்ப்ரூஸ் கன்று நட்டார்கள்.

இரண்டாம் குளிர்காலத்தில் சதுப்பின் உறைமண் உடைந்து, பொக்லைன் ஒருபக்கமாக இருக்கைவரை புதைந்தது. ரேடியோவில் உதவி கேட்டேன். பக்கத்தில் இருந்தது ரெஜியின் குடில் ஒன்றுதான். வந்தான். நிதானமாகச் சிகரெட் பற்றவைத்தான்.

“நீ போட்ட ரோடே உன்ன முழுங்குது, பாத்தியா?”

அப்புறம் ரம்பத்தை எடுத்தான். நாள் முழுக்க மரம் வெட்டி, கிண்டல் அடித்துக்கொண்டே வண்டியின் சங்கிலிப் பட்டைக்கு அடியில் அடுக்கினான். பொழுது சாயும்போது பொக்லைன் ஊர்ந்து மேலே வந்தது. ரெஜி கையைத் துடைத்துக்கொண்டு, “குடிலைத் தூக்கி வைக்க இந்த மிஷின் வேணும். பன்னெண்டாம் கிலோமீட்டர்ல” என்றான்.

அந்தக் கூட்டத்துக்குப் பின் ஆறாவது மார்ச்சில் காரிபுக் கணக்கெடுக்க ஹெலிகாப்டர் வந்தது. அக்காவும் நானும் ஏறினோம். என் சாலையை மேலிருந்து தேடினேன். மேடும் சாய்ந்த மரமும் பனிக்கு மேல் நீட்டிய கன்றுகளும்தான் தெரிந்தன. ஓநாய்த் தடம் ஏரியோரமாகச் சுற்றிப் போயிருந்தது. முதிர்ந்த காட்டுக்குள் தரைப்பாசி தின்ன பனியைத் தோண்டிக்கொண்டு காரிபுகள் நின்றன. எண்ணினோம். விமானி வட்டமடித்து வர, மறுபடி எண்ணினோம். பத்தொன்பது. அதில் ஐந்து போன வசந்தத்தில் பிறந்த குட்டிகள். அக்கா என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்கத் தோன்றவில்லை.

இறங்கியதும் அக்கா வேட்டை ரேடியோவை எடுத்து எல்லாக் குடில்களுக்கும் சொன்னாள். முதலில் இரைச்சல். அப்புறம் ரெஜியின் குரல்: “எத்தன குட்டி? இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னாள். வேறொரு குடிலிலிருந்து யாரோ கேட்டார்கள். மறுபடி சொன்னாள். ஏழு குடிலும் கேட்டு முடிக்கும்வரை, அலுக்காமல், ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்.