அத்தை படுக்க வைத்தால் தூங்குகிறாள்

குழந்தை பட்டாணிக்குத் தனிக் கட்டில் வாங்கியபோது வீட்டில் மற்ற எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவள் அவளுடைய அம்மாதான். வெள்ளைக் கட்டில், உருண்டு விழாமலிருக்க ஒரு பக்கம் தடுப்பு. அதைப் போட்ட சின்ன அறையின் ஜன்னலுக்கு முயல் படம் போட்ட துணியில் அவளே திரை தைத்து மாட்டினாள். திரை தைப்பதுதான் அவள் தொழில். கடைத்தெருவில் ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கும் கடையில் பட்டாணி பிறப்பதற்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறாள்.

கட்டில் பட்டாணிக்கும் பிடித்திருந்தது, பகலில். பொம்மைகளைப் படுக்க வைப்பாள், தடுப்பின்மேல் ஏறிக் குதிப்பாள். இரவானால் மட்டும் அது யார் வீட்டுக் கட்டிலோ ஆகிவிடும். இரண்டரை வயதுக்காரி தலையணையை இழுத்துக்கொண்டு, ஹாலைத் தாண்டி அம்மா அறைக்கு வந்து நிற்பாள். நடுவில் படுத்து, குறுக்காகத் திரும்பி, அப்பாவின் விலாவில் ஓர் உதை விடுவாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். காலையில் உயரத்தில் தொங்கி வேலை பார்க்க வேண்டிய மனிதர். அவர் போர்வையை எடுத்துக்கொண்டு ஹால் சோபாவுக்குப் போய்விடுவார்.

அம்மா செய்யாத வித்தை இல்லை. கதை சொன்னாள், சின்ன விளக்கு வைத்தாள், கூடவே முடங்கிப் படுத்தாள், கெஞ்சினாள், மிரட்டினாள். ஒன்றும் எடுபடவில்லை. ஒருநாள் கடையில் தூக்கக் கலக்கத்தில், அடி மடிப்புக்குத் துணி விட மறந்து, விலை உயர்ந்த வெல்வெட் திரையை ஒரு சாண் குட்டையாக வெட்டிவிட்டாள். முதலாளி கத்தவில்லை. துணியைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு போனார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை, குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பவள். இந்த ஊர் நீச்சல்குளத்துக்கு மாற்றலாகி வந்திருந்தாள். வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை அண்ணன் வீட்டில் தங்கல், ஹால் சோபாவில் படுக்கை.

"என் சோபாவை என் தங்கச்சியே பிடிச்சிக்கிட்டா" என்றார் அண்ணன்.

வந்த அன்று இரவே தலையணையோடு ஹாலுக்கு வந்த பட்டாணியை அவள் பிடித்துவிட்டாள். விளக்குப் போடவில்லை, கொஞ்சவில்லை, அதட்டவில்லை. தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் விட்டு, "தூங்குற நேரம், கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து படுத்தாள். பட்டாணி மறுபடி வந்தாள். மறுபடியும் அதே கை, அதே மூன்று வார்த்தை. பட்டாணி "அம்மா, அம்மா" என்று வீடு அதிர அழுதாள். உள்ளே அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"போகாதே. அவ பார்த்துப்பா" என்று கணவர் கையைப் பிடித்தார்.

அடுத்த இரவும் அப்படித்தான். அதற்கடுத்த இரவு அழுகை குறைந்தது. அந்த வாரம் முடிவதற்குள் பட்டாணி தன் கட்டிலில் படுத்து, தன் கட்டிலிலேயே எழுந்தாள்.

அம்மா வெகுநாளைக்குப் பிறகு விடிய விடியத் தூங்கினாள். கண் விழித்து, பக்கத்தில் குட்டி உடம்பு இல்லாததைத் தடவிப் பார்த்து, சந்தோஷமாக எழுந்து வெளியே வந்தாள். ஹாலில் பட்டாணி சோபாவில் ஏறி, அத்தையின் போர்வைக்குள் தலையை விட்டுக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்துக் கை ஆட்டினாள். கை மட்டும்தான் ஆட்டினாள். ஓடி வரவில்லை.

அங்கேதான் ஆரம்பித்தது.

"பார்த்தியா, எப்படிப் பழக்கிட்டா! நம்மால ஆச்சா?" என்று கணவர் பல் துலக்கியபடியே சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"ஆமா, வந்த நாலு நாள்ல சாதிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைச் சற்று ஓசையோடு வைத்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல, அண்ணி" என்றாள் நாத்தனார் போர்வையை மடித்தபடி. "குளத்துல பிள்ளைங்க ஓரத்துக் கம்பியை விட மாட்டேன்னு அழும். நாம பதறினா அதுங்களும் பதறும். நாம ஒரே மாதிரி இருந்தா போதும்."

'அப்படியானால் நான் பதறுகிறவளா?' என்று அவள் மனம் கேட்டது. பெற்றிருந்தால் தெரியும் என்று நாக்கு நுனிவரை வந்தது. நாத்தனாருக்குக் கல்யாணமாகிப் பிரிந்து சில வருடங்கள் ஆகின்றன, குழந்தை இல்லை. அந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள். விழுங்கியது கரையவில்லை.

கடையில் துணி வெட்டும் அக்கா அவள் முகத்தைப் பார்த்து, "என்ன இன்னைக்குத் தெளிவா இருக்கே! பட்டாணி தூங்கிட்டாளா?" என்று கேட்டாள்.

"பழக்கிட்டேன்க்கா" என்றாள் அவள்.

"நீயா?"

"பின்ன யாரு? நாம பதறாம ஒரே மாதிரி இருந்தா போதும்க்கா. குழந்தை தானா அடங்கிடும்."

அக்கா வாயைப் பிளந்தாள். தன் தங்கை பையனும் அப்படித்தான் படுத்துகிறான் என்று யோசனை கேட்டாள். அவள் மடிப்பு தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கினாள். "தூங்குற நேரம், கண்ணு" உட்பட. வீட்டுக்கு நடந்து போகும்போது வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த ஒரு மதியம் அது தன்னுடையதாக இருந்ததை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கணக்குத் தெரிந்தது. சட்டைப் பொத்தான் போட அத்தை. பல் துலக்க அத்தை. மாடிப்படியில் கை பிடிக்க அத்தை. அத்தையின் தலைமுடியில் குளத்துத் தண்ணீரில் போடும் மருந்து வாசனை, அது இப்போது பட்டாணியின் தலையணையிலும் அடித்தது. அம்மா அந்த உறையை உருவி இரண்டு முறை துவைத்தாள்.

ஒருநாள் நாத்தனாருக்கு மாலை வகுப்பு, வர நேரமாகும் என்றாள். கணவரும் எங்கோ நடுவில் நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போயிருந்தார். இன்று நான், என்று அம்மா உற்சாகமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள். குனிந்து, "தூங்குற நேரம், கண்ணு" என்றாள்.

பட்டாணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ வேணாம்" என்றாள். "அத்தை."

"அத்தை வேலைக்குப் போயிருக்காங்க. அம்மா இருக்கேன்ல?"

"நீ வேணாம். அத்தை சொல்லணும்."

எத்தனை சொல்லியும் அதே பாட்டுதான். கடைசியில் அழுது களைத்துத் தூங்கினாள். அம்மா சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மாதம் சுமந்து, இரண்டரை வருடமாகத் தூக்கத்தைத் தொலைத்தவளுக்கு 'நீ வேணாம்'. நேற்று வந்தவளுக்குக் கிரீடம்.

நாத்தனார் வந்தாள், சாப்பிட்டாள், குளிக்கப் போனாள். கணவர் இன்னும் வரவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்தாள். தூங்கும் குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, ஹாலைக் கடந்து, தன் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். அந்தக் கன்னத்தை மோந்து பார்த்துவிட்டுத் தானும் படுத்தாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

காலையில் பட்டாணி கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்து, சிரித்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்காக எதையும் செய்யலாம் போலிருந்தது.

"எப்ப வந்தா? நான் பார்க்கவே இல்லையே" என்று நாத்தனார் திகைத்தாள்.

"நடுராத்திரி வந்தா. நீ அசந்து தூங்கிட்டே போல" என்றாள் அம்மா.

பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. மறுநாளும் கணவர் தூங்கிய நேரம் பார்த்து அப்படியே செய்தாள். அதற்கு மேல் அவள் தூக்கி வர வேண்டியிருக்கவில்லை. ருசி கண்ட பட்டாணி தானே வர ஆரம்பித்தாள். திருப்பிக் கொண்டுபோய் விட்டால் முன்பைவிட இரண்டு மடங்கு கத்தினாள். நாத்தனார் தன்மேலேயே பழி போட்டுக்கொண்டாள். "நான் தூங்கிடறேன், அண்ணி. அதான் பழக்கம் விட்டுப்போச்சு" என்று சொல்லி, இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து காவல் காத்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. பார்க்க அம்மாவுக்குப் பாவமாக இருந்தது. பாவத்துக்கு அடியில் ஒரு சின்ன திருப்தியும் இருந்தது.

அந்தத் திருப்தி நீடிக்கவில்லை. ஒரு மதியம் அவள் கடையிலிருந்து சீக்கிரம் வந்தபோது நாத்தனார் ஈரத் தலையோடு, குளத்துச் சீருடையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"ஒரு குழந்தை கம்பியை விட்டுட்டான், அண்ணி. என் முன்னாடிதான். நான் பார்த்துக்கிட்டேதான் நிக்கறேன், ஆனா பார்க்கலை. நின்னுக்கிட்டே கண் சொருகிடுச்சு." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தாள். "பக்கத்துல இருந்த மாஸ்டர் குதிச்சுத் தூக்கிட்டாரு. தண்ணி குடிச்சிட்டான், வேற ஒண்ணும் இல்ல. அவங்கம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... சின்னப் பிள்ளைங்க வகுப்புக்கு இப்போதைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க."

அம்மாவின் கையிலிருந்த பை நழுவியது. பக்கத்தில் போய் உட்கார்ந்து ஆறுதல் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. வந்த விதமும் மன்னிப்பு மாதிரி இல்லை, சண்டை மாதிரி இருந்தது.

"நான்தான் தூக்கிட்டு வந்தேன். போதுமா? நீ தூங்கவே இல்ல. நீ குளிக்கும்போது நான்தான் அவளைத் தூக்கிட்டுப் போய் என் பக்கத்துல படுக்க வெச்சேன். ரெண்டு நாள்."

நாத்தனார் அவளையே பார்த்தாள். புரிய நேரமாயிற்று.

"எதுக்கு?"

"அவ என்னை வேணாம்னு சொன்னா."

"அதுக்கு?" நாத்தனார் எழுந்துவிட்டாள். அவள் குரல் உயர்ந்து அண்ணி அதுவரை கேட்டதில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா நான் விலகியிருப்பேன்ல? நான் பைத்தியம் மாதிரி நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

அம்மா தலை குனிந்தாள். கண்ணீர் மடியில் விழுந்தது. அதைத் துடைக்கவும் தனக்கு உரிமையில்லாதது போல் உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

"நீங்க என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டீங்களா, அண்ணி? வேடிக்கைதான். தினம் அவளைத் தூக்கிட்டுப் போய் விடறப்ப அவ யார் பேரைச் சொல்லி அழுதா? ஒரு தடவைகூட அத்தைன்னு அழலை. படுக்க வைக்க நான், அழறதுக்கு நீங்க. கதவுக்கு இந்தப் பக்கம் படுத்து நான் அதைக் கேட்டுக்கிட்டே கிடந்தேன். எனக்கு எரியலைன்னு நினைச்சீங்களா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே அழுகையைக் கேட்டு வெந்திருக்கிறார்கள்.

"மன்னிச்சிடு" என்றாள். இந்த முறை அது மன்னிப்பாகவே வந்தது.

"இப்ப முடியலை" என்றாள் நாத்தனார். "அப்புறம் பார்க்கலாம்."

மாலையில் அம்மா நீச்சல்குளத்துக்குப் போய், நிர்வாகியைப் பார்த்து, வீட்டுக் குழந்தைக்காக அவள் பல இரவு கண் விழித்ததையும் அதற்குத் தானே காரணம் என்பதையும் சொன்னாள். அவர் முழுதாக இறங்கி வரவில்லை. "ஓய்வெடுக்கட்டும், பார்க்கிறேன்" என்றார். கணவரிடமும் மறைக்கவில்லை. அவர் அன்று சாப்பாட்டில் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

அன்றிரவு நாத்தனாரைத் தன் கட்டிலில் படுக்கச் சொன்னாள். கணவர் தரையில் பாய் விரித்துக்கொண்டு பட்டாணியின் அறைக்கு அந்தப் பக்கம், சாமான் அறையில் முடங்கினார். சோபாவில் அம்மா. பட்டாணி வந்தாள், "அத்தை எங்கே?" என்றாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. தூக்கிக்கொண்டு போய் விட்டாள், அந்த மூன்று வார்த்தையைச் சொன்னாள். குழந்தை "அம்மா" என்று அழுதபோது, இதோ என்னையே கேட்கிறாளே என்று அள்ளிக்கொள்ளக் கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். பழைய பழக்கம் திரும்ப முன்னைவிட அதிக நாள் பிடித்தது. ஆனால் திரும்பியது.

நாத்தனாருக்குச் சின்னப் பிள்ளைகள் வகுப்பு மறுபடி கிடைத்தது. கொஞ்ச நாளில் இரண்டு தெரு தள்ளி வீடும் கிடைத்தது. அவள் அண்ணியிடம் முன்போலப் பேசினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசினாள். குடிபோன வாரமே பட்டாணி, "அத்தை வீட்ல தூங்கணும்" என்று அடம் பிடித்தாள். அம்மா மாற்றுடை எடுத்து வைத்து, தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

வீடு வெறிச்சென்றிருந்தது. கணவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. நாத்தனார்.

"அழறாளா? நான் வரட்டுமா?" என்று கேட்டாள் அம்மா. ஒரு கால் ஏற்கெனவே செருப்புக்குள் போயிருந்தது.

"இல்ல, அண்ணி. எப்பவோ தூங்கிட்டா. நீங்க காத்துக்கிட்டு இருப்பீங்கன்னுதான் கூப்பிட்டேன்." சற்று நிறுத்தி, "ஏமாத்தமா இருக்கா?" என்று கேட்டாள்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள்.

"ஆமா" என்றாள்.

மறுமுனையில் நாத்தனார் சிரித்தாள். அந்த மதியத்துச் சண்டைக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.