கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்

"உது என்ரை தம்பிதான், எனக்குத் தெரியாதோ..."

"உது அவரில்லை மச்சாள், நான் சொல்லுறதைக் கேளுங்கோ..."

"கூடப் பிறந்தவளுக்குத் தெரியாத முகத்தை நீ கண்டிட்டியோ?"

"நாப்பது வரியம் பக்கத்திலை படுத்தவளுக்குத் தெரியாதோ? அவருக்கு இடக் காது மடங்கியிருக்கும். உவனுக்குப் பாருங்கோ, ரண்டும் விரிஞ்சு நிக்குது!"

வாசல் படலைக்கு வெளியே ஒடுங்கிய ஒழுங்கைக்குக் குறுக்காக உயர்த்திக் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகை காற்றில் படபடத்தது. கொட்டை எழுத்தில் சோமசேகரம் என்ற பெயர். பெயருக்கு மேலே, கோட்டுப் போட்ட யாரோ ஒரு வாலிபன்.

மீனாம்பிகை புருசனின் தலைமாட்டில் இருந்து அழ வேண்டியவள். விடிந்ததிலிருந்து விறாந்தைக்கும் படலைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். இருங்கோ, இருங்கோ என்று சொன்னவர்கள்தான் களைத்துப்போய் இருந்துவிட்டார்கள்.

"கோபி, ஆர் உனக்கு உந்தப் படத்தைத் தந்தது?"

மச்சாள் குணலட்சுமியின் மகன் கோபிசங்கர் தலையைச் சொறிந்தான். "அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சால் புள்ளி புள்ளியாய் வருமெண்டு கடைக்காரன் சொன்னவன் மாமி. மாமான்ரை மேசைக் கண்ணாடிக்குக் கீழை உது தனிய இருந்தது. அம்மாட்டைக் காட்டினன். ஓமெண்டவ."

"உன்ரை கொம்மா கண் ஒப்பிரேசனுக்குப் பயந்து ஒளிச்சுத் திரியிறா. அவவிட்டையே காட்டினனீ?"

"கண் தெரியாட்டில் என்னடி? அந்தக் கோட்டு தம்பியின்ரை கோட்டு!"

"அது ஸ்ரூடியோக் கோட்டு மச்சாள். ஊரிலை பாதிப் பெடியள் அந்தக் கோட்டுக்குள்ளை பூந்துதான் படம் எடுத்தவங்கள்."

செத்தவீடு என்றும் பாராமல் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சோமசேகரத்துக்குப் பண்டத்தரிப்பில் படக்காரர் என்று பட்டம். பழைய சாமான் வாங்குகிறவர்களிடமும் இடிந்த வீடுகளிலும் தேடித் தேடி, ஸ்ரூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களையும் முத்திரை மங்கிய தபாலட்டைகளையும் கொண்டுவந்து சேர்ப்பார். சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது அவர்களுடைய கலியாணப் படங்கள் எல்லாம் போய்விட்டன. "எங்கடையை ஆரோ எடுத்து வைச்சிருப்பினம். நான் ஆரின்ரையோ வைச்சிருக்கிறன்" என்பார். தன்னைப் படமெடுக்க மட்டும் விடமாட்டார்.

இந்த வாலிபனின் படத்தை மீனாம்பிகைக்கு நன்றாகத் தெரியும். இவனையே பார்த்துக்கொண்டிருந்து அவர் எத்தனை தேத்தண்ணியை ஆறவிட்டிருக்கிறார்.

"இஞ்சாரும், உவன் ஏன் தன்ரை கையைத் தானே பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்?"

"உங்களைப் போலை ஒரு விசரனாக்கும்."

போன கிழமையும் கேட்டார். போன கிழமையும் அதே மறுமொழிதான் சொன்னாள்.

உள்ளே கிரியைக்குச் சுண்ணம் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இனிப் பாடையை எடுத்துவிடுவார்கள்.

"கோபி, ஏணியைக் கொண்டுவா. ஆரோ ஒருத்தன்ரை முகத்துக்குக் கீழாலை என்ரை மனுசன் போகக்கூடாது. வெட்டி இறக்கு."

கோபி கத்தியோடு ஏறினான். அந்நேரம் ஒழுங்கை முகப்பில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. நரைத்த தலையோடு ஒரு மனுசி இறங்கி வந்தாள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை. வீட்டுக்குள் போகாமல் பதாகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"வெட்டாதை தம்பி."

"ஆரணை நீங்கள்?" என்றாள் மீனாம்பிகை.

"மாதகல். சந்தி மதிலிலை உந்தப் படத்தோடை ஒட்டியிருந்த செத்தவீட்டு நோட்டீசைக் கண்டிட்டு வாறன். பேர் பிழை பிள்ளை. உது எங்கடை தில்லையண்ணை."

"என்ன விசர்க் கதை! உது என்ரை..." என்று எழும்பிய குணலட்சுமியின் தோளை மீனாம்பிகை அழுத்தினாள்.

"கப்பலுக்குப் போனவன். ரண்டு தபாலட்டை வந்தது, பிறகு ஒண்டுமில்லை. செத்துப்போனானெண்டு சொல்ல அம்மா கடைசிமட்டும் விடேல்லை. ஒரு கிரியையும் செய்யேல்லை. இருந்த ஒரே படம், ஓடேக்கை வீட்டோடை விட்டிட்டு ஓடினம்."

மீனாம்பிகை பதாகையைக் காட்டினாள்.

"உவர் ஏன் கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்?"

மனுசி நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"மணிக்கூடு. ஐயான்ரை மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு போனவன். அது பெரிசு, கழண்டு விழுந்திடுமெண்டு மற்றக் கையாலை பொத்திப் பிடிச்சிட்டான். மணிக்கூட்டைக் காட்டத்தான் படமே எடுத்தவன். படம் வந்தால், மணிக்கூட்டையே காணேல்லை."

பறை முழங்கியது. வீட்டுக்குள்ளிருந்து அழுகை ஒரேயடியாகக் கிளம்பியது.

"மாமி, வெட்டட்டோ? தூக்கியாச்சு!"

"இறங்கு."

"பேர் பிழையெல்லே மாமி..."

"இறங்கடா."

பாடை முற்றத்தைத் தாண்டியது. தலையில் அடித்துக்கொண்டு பின்னால் வந்த பெண்கள் வழக்கம்போலப் படலையோடு நின்றார்கள். வெளியே பதாகைக்குக் கீழே அந்த மனுசி சேலைத் தலைப்பை வாயில் வைத்து, சத்தம் வராமல் அழத் தொடங்கியிருந்தாள். படக்காரருக்கு நல்ல சொந்தம் போலிருக்கிறது என்று நினைத்து, காவிக்கொண்டு போனவர்கள் அவளுக்கு வழிவிட்டு விலகி நடந்தார்கள்.

மீனாம்பிகை நிற்கவில்லை. பிடித்த கைகளை உதறிவிட்டுப் படலைக்கு வெளியே வந்து, பாடையின் ஓரத்தைப் பிடித்து, மடங்கிய காதுப் பக்கமாக முகத்தைக் கொண்டுபோனாள்.

"இஞ்சாருங்கோ... மணிக்கூடு பெரிசாம்."