ஜன்னல் பக்கம் ஒரு காது

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் நோட்டு அக்கா. சிறப்புக் கல்வியில் முதுகலை படிக்கிறாள். நாற்பது வயதில் படிக்க வந்தவளுக்குப் பயிற்சிப் பள்ளியில் கடைசி பெஞ்சுதான் கிடைத்தது. கையில் நோட்டு, மடியில் கைபேசி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது 'ர்ர்ர்' என்று அதிரும். உடனே நிமிர்ந்து பார்ப்பாள். குருவி என்கிற சிறுமி பாடத்தைக் கவனித்தால் ஒரு டிக், இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி. ஆய்வு என்றால் சும்மாவா!

குருவி, பேச்சு வராத எட்டு வயதுப் பெண். முன் பெஞ்சுக்காரி. டீச்சர் வாய் திறந்தால் போதும், முகம் ஜன்னல் பக்கம் போய்விடும். வெளியே மரத்தில் வெயில் ஆடிக்கொண்டிருக்கும். மதியத்தில் அந்த வகுப்பே பாதித் தூக்கத்தில் மிதக்கும். ஆறு வாரமாக நோட்டில் பெருக்கல் குறிகளே குவிந்தன. குருவி இதே வகுப்பில் இருப்பதா, தாழ்வாரக் கோடியில் இருக்கும் தனி அறைக்குப் போவதா என்பதை அந்த நோட்டை வைத்துத்தான் பள்ளியும் நோட்டு அக்காவின் வழிகாட்டிப் பேராசிரியையும் முடிவு செய்யப் போகிறார்கள்.

ஒரு நாள் மாலை, பஸ் ஓட்டும் கணவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து குருவியைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வந்தாள் நோட்டு அக்கா. அவன் திரும்பவே இல்லை.

"நான் பாட்டுக்குக் கத்துறேன், காதுல விழுதா இல்லையா?"

"அடிப்பாவி! திரும்பினா பஸ்ஸு எங்க போகும்? ரோட்டைப் பார்த்தாதான் நல்லா கேக்குது. உன் மூஞ்சியைப் பார்த்தா பாதி காதுலயே ஏறாது."

அவளுக்குச் சுரீரென்றது. குருவி பார்த்தால்தான் கேட்கிறாள் என்று யார் சொன்னது? விழுந்து விழுந்து படித்து, இதில் போய்க் கோட்டை விட்டாளே மடச்சி!

மறுநாள் வழிகாட்டிப் பேராசிரியை வந்ததும் நோட்டை நீட்டினாள். "மேடம், இது பூரா தப்பு. அவ பார்க்கிறாளான்னுதான் எழுதியிருக்கேன். கேக்குறாளான்னு எழுதல."

"மறுபடி முதல்லேர்ந்து செய்யணும். பட்டம் தள்ளிப்போகும், தெரியுமில்ல?"

"போனா போகுது மேடம்."

"அது உங்க இஷ்டம். பொண்ணு கேக்குறாங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

மணி அடித்தது. இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நோட்டு அக்கா கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். டீச்சர் கடலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்; குரல் மெல்ல மெல்ல வந்து வகுப்பை நனைத்தது. குருவி வழக்கம்போல் ஜன்னலில் கரைந்து போனாள். நோட்டு அக்காவும் அந்த மரத்தையே பார்த்தாள். இலை எது, வெயில் எது என்று பிரியவில்லை. போச்சு, பிள்ளையைத் தனி அறைக்கு அனுப்பிவிடப் போகிறார்கள்.

அப்போது, முகத்தைத் திருப்பாமலே, குருவி உதட்டைக் குவித்தாள்.

"ர்ர்ர்."

பேராசிரியை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்பு தொடங்கி ஐந்து நிமிடம். பத்து வினாடி முன்னே பின்னே இருக்கலாம்.

குருவியின் விரல் மேசையில் மெதுவாக ஒரு கோடு இழுத்தது. அதன் குறுக்கே இன்னொரு கோடு. பெருக்கல் குறி. ஆறு வாரமாக ஒவ்வொரு 'ர்ர்ர்'ருக்கும் பின்னால் கடைசி பெஞ்சில் பேனா கீறிய அதே இரண்டு கீறல்.

நோட்டு அக்கா அழுதேவிட்டாள். பேராசிரியை தன் பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

"புதுப் பக்கம் எடுங்க. அவ இங்கயே இருக்கட்டும்."